பூனை எடுத்துக்கொண்ட பெயர்கள்

என்னங்க,

நான் கிளம்புகிறேன். பாப்பாவின் பால் ஃபிரிட்ஜில் மேல்தட்டில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரி மேல். பதினொரு மணிக்குப் படிவம் வாங்க நர்ஸ் அக்கா வருவார். பிறப்புப் படிவத்தில் பெயர் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும், இன்றுதான் கடைசி நாள்.

நேற்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒவ்வொரு பெயரையும் மாடிப்படியில் நின்று கத்திப் பார்க்கலாம் என்றீர்களே, அதனால் வந்த வினையைப் பாருங்கள். ஆம்பல் என்று கூப்பிட்டால் நம் பூனை ஓடி வருகிறது. ஞாழல் ஏதோ மரமாம், அதற்கும் வருகிறது. கயல் என்றால் மீன். அதற்கு வராவிட்டால்தான் அதிசயம். பூனை வரும் பெயரை என் மகளுக்கு வைக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது நீங்கள் பிடிவாதம் பிடிக்கும் ஞிமிறுதான். "பழைய தமிழ்ங்க, தேனீன்னு அர்த்தம். கூப்பிட்டா நாக்கா தேஞ்சுடும்?" என்று என் அம்மாவிடமே சண்டைக்குப் போனீர்கள். அதற்குப் பூனை காதைக்கூட அசைக்கவில்லை. ஆகையால் அதையே எழுதித் தொலையுங்கள்.

குழந்தை தூங்கும்போது மாடிப்படியில் கத்தாதீர்கள்.

பின்குறிப்பு: இப்போதுதான் என் காபிப் பாலில் வாய் வைத்த பூனையை "ஏய் திருடி!" என்று அதட்டினேன். பூனை திரும்பவே இல்லை. தொட்டிலில் பாப்பா திரும்பிச் சிரித்தாள்.

படிவத்தில் ஞிமிறு இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் முடிவாகிவிட்டது. அந்தப் பெயர் பிறந்த இடம்: நம் அடுப்படி. பொருள்: மூன்று மாதமாக நம் தூக்கத்தைத் திருடி வைத்திருப்பவள்.