கேசரிமேல் விழுந்த பழி

அத்தை,

இன்று காலை ஸ்கூடாயில் பேருந்துக்கு நின்றபோது சாலையோரப் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நானும் போனேன், உங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே.

உங்களுக்கு இனிப்பு நீர் நோய் என்று தெரிந்த நாள்முதல் பொந்தியான் வீட்டில் மாமாதான் போலீஸ். கேசரிச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். கழுவி வைத்த கரண்டியைக்கூட மோந்து பார்ப்பார். கிளினிக்கில் தாதி ஒருத்தி வேறு, எல்லார் முன்னாலும், வாயைக் கட்ட முடியாதா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டாள். அதோடு நீங்கள் அங்கே போவதை நிறுத்திவிட்டீர்கள். கிளினிக்குக்கு என்று மாமாவிடம் சொல்லிப் புறப்பட்டு, சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவீர்கள். மாத்திரை தீர்ந்துபோனது. காலில் பட்ட சிறு காயம் ஆறவே இல்லை. அதை எனக்கு மட்டும் காட்டி, "மாமாகிட்ட சொல்லிடாத லா" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்க வேண்டும். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான். விருந்தாளி வந்தால் சமையலறைக்குள் போய்விடுகிறவள் நான். உங்களை வைத்துப் பழகிப் பார்க்கலாம் என்று வந்தேன். சாட்சி சொல்ல மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உணவைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். உங்கள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பதற்றத்தில் நான் கேள்வித்தாளின் பக்கத்தைப் புரட்டி, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்ததைச் சொன்னீர்கள். முதுகில் சுமந்த பிளாஸ்டிக் மருந்துத் தோம்பு ஒழுகிச் சட்டை நனையுமாம். வெயிலுக்கு அது சில்லென்று சுகமாக இருக்குமாம். காலியான மருந்துத் தோம்புகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டில் குடிதண்ணீர் பிடித்து வைப்பீர்களாம். "நீலத் தோம்புக்குச் சண்டையே நடக்கும். நான் ரெண்டு வச்சிருந்தேன்" என்றீர்கள், பெருமையாக.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அப்படிப்பட்ட சில ரசாயனங்கள் உடம்பில் சேர்ந்தால், வயதான காலத்தில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு கூடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுவதைச் சொன்னேன்.

"அப்ப கேசரியால இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை!

"சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கும் அத்தை. மருந்துக்கும் இருக்கலாம். உங்க ஒருத்தருக்கு எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் மாத்திரை போடணும்."

உங்களுக்கு அந்த 'லாம்' போதுமாக இருந்தது. மாமா பக்கம் திரும்பி, "கேட்டுக்குங்க. இருக்கலாமாம்" என்றீர்கள்.

மாமா மெதுவாக, "அந்தத் தண்ணிய நானுந்தானே குடிச்சேன்" என்றார்.

"அதான் சொல்றேன், நாளைக்கு நீங்களும் வாங்க."

மறுநாள் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போனீர்கள். தாதி வாயைத் திறப்பதற்குள், "நான் தோட்டத்துல மருந்து அடிச்ச ஆளு" என்று அறிவித்தீர்களாம். இனிப்பையே தொடாத மாமாவுக்கும் இரத்தத்தில் கொஞ்சம் சீனி கூடியிருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடம் நீங்கள் சொன்ன விதத்தைக் கேட்டால், அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்றுதான் நினைப்பார்கள். உங்கள் கால் காயம் ஆறியது. பிறகு சில வருடங்கள், நீங்கள் கண்ணை மூடும்வரை, இருவரும் ஒருவருக்கொருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னும் நான் வீடு வீடாகத்தான் போகிறேன். தாளில் உணவுக் கேள்விகள்தான் முதலில் இருந்தன. மேலதிகாரியிடம் கேட்டு அந்த வரிசையை மாற்றிக்கொண்டேன். இப்போது வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன். நேற்று ஜொகூர் பாருவில், கப்பல் பட்டறையில் சாயம் அடித்த ஒரு பெரியவர், அதைக் கேட்டதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவியிடம் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் போடச் சொன்னார். நான் இன்னும் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அத்தை. "எனக்குச் சீனி வேணாம்" என்று அவராகவே சொன்னார்.