வைஸில் இறுக்கிய ஒரு ரூபாய்

ஆகஸ்ட் 7, 1993. சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு வரவில்லை. ரேஷனில் கெரசின் இல்லை, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

நாளை குரோம்பேட்டையில் நாணயம் சேர்ப்பவர்களின் மாதக் கூட்டம். எடுத்துப்போக: அச்சு விலகி விழுந்த எட்டணா, லென்ஸ், பஞ்சு. மைமூன் அக்காவும் வருகிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த சீட். ஏப்ரலில் என் பேச்சைக் கேட்டுத்தான் அந்த ஒரு ரூபாயை வாங்கினார், தாம்பரம் மார்க்கெட் பழைய சாமான் கடையில். '1' இருக்கும் பக்கத்தில், அதன் மேலேயே இன்னொரு காசின் எழுத்துகள் இடவலம் மாறி, குழிந்து பதிந்திருக்கும். முந்தைய காசு மிஷினில் ஒட்டிக்கொண்டதால் வந்த பிழை என்றேன். பத்து வருடத்தில் விலை எங்கோ போகும், மகள் கல்யாணத்துக்கு உதவும் என்றும் சொன்னேன். மகளின் கம்மலுக்குச் சேர்த்து வைத்திருந்ததைக் கடைக்காரனிடம் கொடுத்தார்.

நாளை எல்லோரும் பார்க்கட்டும். அக்காவைவிட எனக்குத்தான் அவசரம்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "காசு குடுத்து காசு வாங்கற ஆளுங்க நீங்க ரெண்டு பேருந்தான்."

ஆகஸ்ட் 8, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மாடி அறை. பெண்கள் நாங்கள் இருவர் மட்டும். என் எட்டணா கைமாறிக் கைமாறிப் போயிற்று. "நல்ல பீஸ்மா" என்றார் சதாசிவம் சார். அங்கே மூத்தவர், அவர் சொன்னால்தான் விலை. தலை கால் புரியவில்லை எனக்கு. அந்த வேகத்தில் அக்காவின் ரூபாயை வாங்கி அவர் முன் வைத்தேன்.

லென்ஸ்கூட எடுக்கவில்லை. திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி சிங்கம் மழுங்கிப் போயிருக்கு பாருங்க. மிஷின்ல நடந்த தப்புன்னா இது கூர்மையா இருக்கும். இது இன்னொரு காசோட சேத்து, பட்டறையில இரும்பப் பிடிக்கற வைஸ்ல வச்சு இறுக்கினது. கடையில குடுத்தா ஒரு ரூபாய்க்குப் போகும்." பின்னால் யாரோ சிரித்தார்கள். "யார் பாத்து வாங்கினது?"

"அக்காதான் வாங்கினாங்க சார். நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஆமா சார். விஜயா சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

பிறகு டீ, மசால்வடை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் எனக்கு விட்டார். "வெயில் ஜாஸ்தி" என்றார்.

ஏப்ரலில் சிங்கத்தின் பக்கம் பார்த்தேனா? பார்த்தேன். தேய்மானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிழைக்காசாக இருக்க வேண்டும் என்ற ஆசை.

ஆகஸ்ட் 9, திங்கள்

முதல் ஷிஃப்ட். அக்கா வழக்கம்போல் பேனா கடன் கேட்டார். மதியம் என் தட்டில் கத்தரிக்காய் வைத்தார்.

கை கழுவும்போது சொன்னேன். "அக்கா, அந்தப் பணத்த நான் குடுத்துடறேன்."

"எதுக்கு? நீதான் வேணாம்னு சொன்னியே."

கோபமே இல்லாத குரல். குத்திக் காட்டினாரா, அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டாரா, தெரியவில்லை. அதற்குமேல் எப்படிக் கொடுப்பது?

ஆகஸ்ட் 14, சனி

மார்க்கெட்டில் அந்தப் பழைய சாமான் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான். கடைக்காரன் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நானா வச்சி இறுக்கனேன்? வந்துச்சி, வித்தேன். நீதான பூதக்கண்ணாடி வச்சிகினு அரமணி நேரம் பாத்த. அந்தம்மா உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்துச்சி."

தக்காளி வாங்கிக்கொண்டு வந்தேன். பாதி அழுகல்.

செப்டம்பர் 12, ஞாயிறு

நல்ல மழை. போவதா வேண்டாமா என்று கிளம்பும்வரை இழுபறி. தனியாகப் போனேன், காசு எதுவும் எடுக்காமல்.

ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து சொல்லிவிட்டேன். "போன தடவை அந்த ஒரு ரூபா, நான் பாத்து நல்லதுன்னு சொன்னதாலதான் அக்கா வாங்கினாங்க. இங்க மாத்தி சொல்லிட்டேன்."

சதாசிவம் சார் நிமிர்ந்தார். "உக்காருமா. அது அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அடுத்தவர் ஒரு காலணாவை எடுத்து வைத்தார், பேச்சு அதற்குப் போய்விட்டது. முகம் எரிந்தது. ஆனாலும் படி இறங்கும்போது கொஞ்சம் லேசாக இருந்தது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதுபோல.

செப்டம்பர் 13, திங்கள்

ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பே அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மாட்டப்போன ஹெட்செட்டைக் கீழே வைத்தார்.

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் பொய் சொன்னேன்னும் சொல்லிட்டு வந்திருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் விஜயா."

அதை நான் யோசிக்கவே இல்லை.