ஜாத்திரையில் வாங்கிய வசவு

திருப்பதி,
2000 மே, சனிக்கிழமை.

அன்பு மகள் ஹரிதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே என் உடம்புக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, சர்க்கரையும் பிரஷரும் வைத்த இடத்தில் இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்று மலைமேல் இருப்பவனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். பெங்களூரிலிருந்து நீ அனுப்பச் சொன்ன காகிதங்கள் வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளுக்கென்றே கட்டிய குடியிருப்பு, நர்ஸ் உண்டு, லைப்ரரி உண்டு, படத்தில் இருக்கும் கிழவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அறை வேறு யாருக்காவது போய்விடும் என்று போனில் சொன்னாய், நான் பார்க்கலாம் என்றேன். அது நான் லுசாக்காவில் கற்றுக்கொண்ட வார்த்தை, அங்கே ஹைகமிஷனராக இருந்த மூன்று வருஷமும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் காலம் தள்ளினேன். பெற்ற மகளிடமும் அதையே சொல்லியிருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் போகிறேனா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் இந்த வாரம் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தெரு நிலவரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனோடு இருக்க நியூஜெர்சி போய்விட்டார்கள், மாடியும் கீழும் பூட்டு. அதற்கடுத்த வீட்டிலும் பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் உங்கள் ஊர்ப் பக்கம்தான். எதிர்வீட்டை ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், புத்தூர், நகரியிலிருந்தெல்லாம் பையன்கள் பஸ் பிடித்து வந்து அமெரிக்கா போவதற்கு என்னவோ படிக்கிறார்கள். சாயங்காலம் நம் காம்பவுண்டு சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். என்னதான் படிக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று நான் வெளியே வந்தால் போதும், சுவரிலிருந்து குதித்து இறங்கி, குட் ஈவினிங் ஜெனரல் சார் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போனால் முன்வரிசை சோபாவில் உட்கார வைத்து என் இரண்டு பக்கத்தையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். காய்கறிக்காரி என்னிடம் மட்டும் பேரம் பேசுவதில்லை. நம் பாலையா இருக்கிறானே, பங்காருபாளையத்து ஆள், எழுபத்தொன்று சண்டையிலிருந்து என் ஆர்டர்லி, பென்ஷன் வாங்கியபிறகும் என்னோடுதான் இருக்கிறான், அவன் கிரிக்கெட் பார்க்கும்போது என் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பார்ப்பான். உட்காருடா என்றால் பரவால்ல சாப் என்பான். ஃபோர் அடித்தால் என் தலைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது கண்ணு. எழுபது வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இது உன் அம்மா போனபிறகு வந்தது மட்டும் இல்லை. நகரிப் பக்கம் கரும்பும் நிலக்கடலையும் பயிரிட்ட குடும்பத்துப் பையன், செகண்ட் லெப்டினன்ட் ஆகிப் போனபோது ஒரு கூடாரத்தில் ஆறு பேர் படுத்துக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்துகொண்டே இருப்போம். மேஜர் ஆனதும் கேலி குறைந்தது. பிரிகேடியர் ஆனதும் நான் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள், நன்றாக இல்லாவிட்டாலும் சிரித்தார்கள். ஒரு பிராந்தியத்துக்கே தளபதி ஆனபோது நான் உள்ளே நுழைந்தால் மெஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். சரி, இதெல்லாம் ரிடையர் ஆனால் தீரும் என்று நினைத்தேன், அரசாங்கம் லுசாக்காவுக்குத் தூதராகப் போ என்றது. அங்கே எல்லோரும் விடிய விடியப் பேசினார்கள், ஒருத்தரும் உள்ளதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னது உன் அம்மா ஒருத்திதான். அந்த நாட்டு ஜனாதிபதியிடம் நியமனப் பத்திரம் கொடுத்துவிட்டு, கொடி பறக்கும் காரில் திரும்பும்போது, குதிரைப் படை முன்னால் போகிறது, இவள் காருக்குள் என்னைத் திட்டிக்கொண்டே வருகிறாள். கோட்டில் கடைசிப் பட்டன் போடவில்லையாம், ஜனாதிபதி அதையே பார்த்தாராம். டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் புத்தூர்ப் பேச்சில் வெளுத்து வாங்கினாள். நான் ஜன்னல் வழியாகக் கை ஆட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்தக் கார்ப் பயணத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். நீ கண்டோன்மென்டிலும் ஹாஸ்டலிலும் வளர்ந்தவள், இங்கே கங்கம்மா ஜாத்திரையை நீ பார்த்ததே இல்லை. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு வேஷம். ஒருநாள் உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி குழைத்துப் பூசிப் பைராகி, ஒருநாள் குங்குமம், ஒருநாள் கரியைப் பூசிக்கொண்டு வேப்பிலை கட்டுவார்கள். வேஷம் கட்டினவன் வழியில் யாரைப் பார்த்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், கலெக்டரே வந்தாலும் விலக்கில்லை. திட்டு வாங்கினவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது ஆத்தா கொடுத்தது. வேஷத்தைக் கலைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் சொன்ன பேச்சும் அதோடு போயிற்று, அப்புறம் அதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

புதன்கிழமை பைராகி வேஷம். கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பலிலிருந்து ஒரு பைராகி நேராக என்னிடம் வந்தான், குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், நம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரன் துலுக்காணம். தினமும் என் சட்டையை இரண்டு கையால் நீட்டிவிட்டுத் தலைகுனிந்து போகிறவன். அவன் என் மூஞ்சிக்கு நேராக, “டேய் கெய்வா! இன்னாடா கேட்டப் புட்ச்சிக்கினு நிக்கிற, ஊரு பூரா உனுக்கு சலாம் போட்டுக்கினே இருக்கணுமா? பொண்டாட்டி பூட்டா நீயும் அவகூடவே பூட்டியா? தாட்சாயணியம்மா கீறப்ப இந்த வாசல்ல எத்தினி பேரு டீ குட்சாங்க, இன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்து நாய்கூட வாலாட்ட மாட்டன்னுதுடா! அந்தம்மாவுக்காக ஒருநாளு வாய்விட்டு அழுதியாடா நீ?” என்று கத்தினான். கும்பல் ஓவென்று கூவியது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வருஷமாக எல்லோரும் என்னிடம் மேடம் காலமானபிறகு, மேடம் காலமானபிறகு என்றுதான் சொல்கிறார்கள். உன் அம்மாவின் பெயரை ஒருத்தர் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அவன் அடுத்த வீட்டுப் பூட்டைத் திட்டப் போய்விட்டான். நான் உள்ளே வந்து அழுதேன்.

மறுநாள்தான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அவனை உட்கார வைத்து ஒரு டீ கொடுக்க வேண்டும், உன் அம்மாவைப் பற்றி அவனோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று ஆசை. துலுக்காணத்தை வரச் சொல் என்று பாலையாவிடம் சொன்னேன். அவன் பழக்கதோஷம், வண்டிக்கு எதிரே விறைப்பாக நின்று சாப் கூப்பிட்றாரு, ஒடனே வா என்றிருக்கிறான். நான் கூப்பிட்டு அனுப்பி நல்லது கேட்டவன் நாற்பது வருஷத்தில் எவன் இருக்கிறான்? துலுக்காணம் யாருடைய பேன்ட் மீதோ பெட்டியை வைத்தது வைத்தபடி ஓடிப்போய்ப் பெண்டாட்டி செங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டருகே இரண்டு பேருமாக விழுந்தார்கள். நான் எழுந்திரு என்கிறேன், உட்காரு என்கிறேன், எல்லாம் உத்தரவாகவே அவன் காதில் விழுகிறது. பாலையா நல்ல கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுத்தான், அவர்கள் குடிக்காமலே வைத்துவிட்டார்கள். போகும்போது செங்கம்மாதான் பாதி அழுகையில், “வேஷத்துல சொன்னத ஊட்டாண்ட கூப்ட்டுக் கேக்கக் கூடாதுங்க சாமி, ஆத்தாளுக்கு ஆவாது” என்றாள். உலகத்துச் சம்பிரதாயமெல்லாம் படித்தவன், எந்த நாட்டுத் தூதருக்குப் பக்கத்தில் எந்த நாட்டுத் தூதரை உட்கார வைக்கக் கூடாது என்று தெரிந்தவன், சொந்த ஊர்ச் சம்பிரதாயத்தில் கோட்டை விட்டேன். சாயங்காலம் பார்த்தால் தெருமுனையில் இஸ்திரி வண்டி இல்லை. கருகிப்போன பேன்ட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்தபோது தெருவில் எல்லோரும் வழக்கத்தைவிட நன்றாகக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். உள்ளே போய் உன் பெங்களூர்க் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என்னால் ஒருத்தன் பிழைப்பு போயிருக்கிறதே. மன்னிப்புக் கேட்கப் போனால் இன்னும் பயப்படுவான், இந்த ஊரைவிட்டே ஓடுவான். நான் ஜெனரலாக எங்கே போய் நின்றாலும் இதுதான் நடக்கும். மறுநாள் வெள்ளிக்கிழமை, கரி பூசுகிற நாள். காலையில் பாலையாவைக் கரி இடிக்கச் சொன்னேன். இடித்தான், ஆனால் என் உடம்பில் பூச அவனுக்குக் கை வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பூசினான். பழைய லுங்கி, இடுப்பிலும் கழுத்திலும் வேப்பிலை, கையில் ஒரு கிளை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன். ஒருத்தரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை கண்ணு! கம்ப்யூட்டர் சென்டர் பையன்கள் சுவரிலிருந்து இறங்காமல் ஒரேய் முசலோடா, ஸ்டெப் வெய்ரா என்று கிழவனைத் தெலுங்கில் ஆடச் சொல்லி விசில் அடித்தார்கள். நானும் இரண்டு ஸ்டெப் போட்டேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது.

ரயில்வே லைனைத் தாண்டித் துலுக்காணம் வீடு. வாசலில் போய் நின்று திட்டுவதற்கு வாயைத் திறந்தால் வசவு வரவில்லை. எனக்குத் தெரிந்த வசவெல்லாம் பரேடு மைதானத்து இந்தியும் இங்கிலீஷும்தான். தமிழில் நான் வாங்கித்தான் பழக்கம், அதுவும் உன் அம்மாவிடம். அதுதான் வந்தது. “ஏ தொர! துன்ன தட்ட எடுத்து வெக்கத் தெரியல, உனுக்கு எதுக்கு லச்சம் ஆளு? ஊரு ஊரா மூட்ட கட்டிக்கினு என்ன இஸ்துக்கினு போனியே, ஒரு ஊர்லயாவது என்ன நிம்மதியா குந்த வெச்சியா? வாயத் தொறந்து நாலு பேராண்ட பேசுனா உன் நட்சத்திரம் கொட்டிப் பூடுமா?” என்று அவள் குரலிலேயே, அவள் இடுப்பில் கை வைத்துக்கொள்வதுபோலவே வைத்துக்கொண்டு, என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். துலுக்காணம் கதவருகே வந்து பார்த்தான். கை தானாகக் கும்பிடப் போனது, பாதியில் இறங்கிவிட்டது. செங்கம்மாதான், ஐயோ அம்மா பேச்சு, அப்பிடியே அம்மா பேச்சு என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நானும் உட்கார்ந்தேன். செங்கம்மா ஆத்தாளுக்குக் காய்ச்சிய கூழை இரண்டு டம்ளரில் கொடுத்தாள், குடித்தோம்.

இன்று காலை இஸ்திரி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. துலுக்காணம் சட்டையைக் கொண்டுவந்து தலைகுனிந்து சார் என்று நீட்டினான். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன், ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை, இந்தமுறை சம்பிரதாயம் தவறவில்லை. பாலையா சோபாவுக்குப் பின்னால்தான் நிற்கிறான். வீடு அதே வீடுதான், மத்தியானத்தில் ஃபேன் சத்தம் மட்டும்தான். அதனால் இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூருக்கு நான் போகவில்லை ஹரிதா. அங்கே அத்தனை பேரும் ஜெனரல்கள், அத்தனை பேரும் மரியாதை தெரிந்தவர்கள். இங்கே வருஷத்தில் ஒருநாளாவது ஒருத்தன் கேட்டருகே வந்து உன் அம்மா பெயரைச் சொல்லி என்னை டேய் என்பான். அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு.

மாப்பிள்ளை கம்பெனி மாறுவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம் என்று சொல். நீ காரில் போகும்போது சாப்பிடுவதை நிறுத்து. இரண்டு பேரும் நூறு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு சேர்ந்து வாழ கங்கம்மாவும் ஏழுமலையானும் துணை இருக்கட்டும், என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. இவ்வளவு தேடி ஏற்பாடு செய்தவளுக்கு இந்தப் பதிலைப் படித்ததும் கோபம் வரும், வரட்டும். அதை அடக்கிக்கொண்டு சரிங்க நைனா, உங்க இஷ்டம் என்று போனில் இரண்டு வார்த்தையில் முடித்துவிடாதே. வாய்க்கு வந்தபடி திட்டு. எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

உன் நைனா,
கோவர்த்தனன்.