இன்னாசி அண்ணனின் வெப்பநிலை

நாள் 61 | 07:10
நிலவின் தென்முனை, மூன்றாம் துளைக்கூடம். பதிவு: ஆவுடையம்மாள், பொறியாளர். உடன் இருப்பவர் இன்னாசி அண்ணன், துளையாளர். வெயிலே படாத பள்ளம். வெளியே மைனஸ் 171 டிகிரி, கூடத்துக்குள் 19. துளையின் ஆழம் 38 மீட்டர். இன்னும் ஒரு மீட்டரில் பனி கிடைக்க வேண்டும்.

09:40
பாறை இறுகிவிட்டது. உராய்வு கூடுகிறது. துளைமுனை 210 டிகிரி. துளைக்குள் காற்றில்லை, சூடு வெளியேற வழியில்லை.
இன்னாசி அண்ணன் சொன்னார்: "வேகத்தக் கொறச்சிரும்மா. கம்பி மொனகுது."
ஒரு மீட்டர்தானே என்று நான் குறைக்கவில்லை.

09:58
துளைக்கம்பி முறிந்தது. மேல்துண்டு சுழன்று வந்து அண்ணனின் வயிற்றில் அடித்தது. பிறகு சூடேற்றியில். சூடேற்றி இரண்டாகக் கிடக்கிறது. மின்சாரம் இருக்கிறது. துளைமோட்டார் ஓடும். சூடு மட்டும் இல்லை.

10:30
தலைமை நிலையத்திலிருந்து கதீஜா அக்கா: "வண்டி கெளம்பிட்டு. ஒம்பது மணி நேரம் ஆவும். அண்ணன சூடா வச்சிருட்டி. அப்பப்ப டெம்பரேச்சர் சொல்லு."
எப்படி நடந்தது என்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மைக்கை வாங்கினார்: "கம்பி பழசு. புள்ள மேல தப்பில்ல."
கம்பி போன வாரம்தான் மாற்றியது.

14:00
கூடத்தில் 4 டிகிரி. சூடேற்றியோடு மின்னணு வெப்பமானிகளும் போய்விட்டன. ஆய்வுப்பெட்டியில் கண்ணாடி வெப்பமானி ஒன்று இருந்தது. உள்ளே சிவப்புச் சாராயம். சூடு பட்டால் விரிந்து ஏறும், குளிர்ந்தால் சுருங்கி இறங்கும். அண்ணனின் அக்குளில் வைத்தேன். 34.2. அரை மணியில் 33.4.

15:20
மாற்றுக் கம்பியின் மழுங்கிய முனையைப் பாறைத்துண்டு ஒன்றின் மேல் அழுத்தி மோட்டாரை ஓட்டினேன். ஆறு நிமிடம். கல்லைக் கையில் பிடிக்க முடியவில்லை. துணியில் சுற்றி அவர் நெஞ்சோடு வைத்தேன்.
"நல்லாருக்கும்மா," என்றார். "தோசக்கல்லுகணக்கா."

16:50
மூச்சு நின்றது. நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். திரும்பவில்லை. நேரத்தைக் குறித்துவைக்கிறேன். வேறு எதுவும் தோன்றவில்லை. விரல்கள் மரத்துவிட்டன.

17:40
கதீஜா அக்கா: "இப்ப எவ்வளவுட்டி?"
இரண்டாவது கல் அவர் அக்குளருகே இருந்தது. நான்தான் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. வெப்பமானியில் 35.1. பார்த்த எண்ணைச் சொன்னேன். எண்ணில் பொய் இல்லை. யாருடைய சூடு என்று சாராயத்துக்குத் தெரியாது.
அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. "ஏறிட்டு! அண்ணன் வீட்டுல சொல்லிருதேன். காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம கெடக்காக."

18:10
மூன்றாவது கல். 36. சொன்னேன்.
அண்ணனின் மனைவி ஸ்டெல்லா மதனியைப் பூமியிலிருந்து இணைத்தார்கள். "ஆவுடை, நீ நல்லாருப்ப. ஒங் கையாலதான் அவுக பொழச்சாக."
கையைப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கல் சுற்றிய துணியில் ஒட்டியிருக்கிறது. வலி இல்லை. "சரி மதனி" என்றேன்.

18:45
முனை மொட்டையாகிவிட்டது. மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கூடத்தில் மைனஸ் 6. கல் ஆறுகிறது. அவர் 29.
கதீஜா அக்கா கூப்பிடுகிறார். எடுக்கவில்லை.

19:05
26. பிறகு 23. திரும்பவும் கூப்பிட்டார். "ஆவுடை, வண்டி பக்கத்துல வந்துட்டு. டாக்டர் இருக்காரு. எண்ண மட்டும் சொல்லு."
சொல்லவில்லை.

19:20
பள்ளத்தின் விளிம்பில் வண்டியின் விளக்கு. இறங்கப் பத்து நிமிடம் ஆகும். உள்ளே வந்ததும் முதலில் அவர் கையைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.
அவர் கையை என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறேன். தேய்த்தால் சூடு வரும். இடது கை 11. வலது கை 9.
எழுதும் நேரத்தில் இறங்கிவிடுகிறது. இடது 10.
எழுதுவதை நிறுத்துகிறேன்.