தம்பிராசாவுக்குப் பிந்தி வந்த பாட்டு

அன்பு மச்சான் தம்பிராசா,

குளம் இரண்டு தரம் நிரம்பி வான் பாய்ந்து, யானை வந்து எங்கள் வாழையில் பாதியைத் தின்றுவிட்டுப் போன வருசம் இது. உழவு மெசின் கனகரும் இந்த வருசந்தான் செத்தார். அவருடைய முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு ஒட்டுசுட்டானுக்குப் போனேன்.

செத்தவரின் புகழை அச்சடித்து, ஒருவர் எழும்பி இழுத்திழுத்துக் கல்வெட்டுப் பாடுவாரே, அது அங்கே நடக்கவில்லை. கனகரின் தங்கச்சி மகளாம், நெடுங்கேணியில் இருக்கிற நிலானி. பத்தொன்பது வயதிருக்கும். கிற்றாரோடு வந்து கதிரையில் குந்தினாள்.

“என்ன பிள்ளை, சுரைக்காயைத் தூக்கிக்கொண்டு வாறாய்?” என்று கேட்டேன்.

“தட்டிப் பாருங்கோ அப்பு, முத்திப்போச்சோ எண்டு.”

தானே கட்டிய பாட்டு. புகழ் ஒன்றுமில்லை. தூசணத்தில் ஏசினால்தான் கனகரின் மெசின் இயங்கும் என்று வந்தது. அவரின் குறட்டையும் பாட்டில் வந்தது. “செத்த வீட்டில என்ன பகிடி இது?” என்று பின்னால் ஒருவர் முறைத்தார். கடைசி வரிக்கு அவர்தான் முதலில் அழுதார். மைக் இல்லை, கத்தவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் பந்தலின் கடைசிக் கதிரை வரை வந்தது. இந்தப் பிள்ளை பெரிய ஆளாய் வரும், மச்சான்.

எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு முப்பத்தொன்றும் இல்லை, கல்வெட்டும் இல்லை. சண்டையில் செல்குண்டு பட்டுச் செத்த உன்னை, இடம்பெயர்ந்த பாதையில் ஒரு பாலைமரத்தடியில் குழி வெட்டித் தாட்டது மூன்று பேர். கொல்லர் சின்னையா எப்பவோ போய்விட்டார். இப்போது கனகர். இனி அந்த மரத்தை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு அவள் கனகரின் மெசின் பெட்டிக்குள் காய்ச்சலில் கிடந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டாள். “கொண்ணர் மற்ற மெசினில வாறார்” என்று சொல்லிவிட்டேன். மற்ற இரண்டு பேரும் எனக்காக வாய் திறக்கவில்லை. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று ஒரே வீட்டுக்குள் இத்தனை வருசம். பொங்கலுக்குப் பொங்கல் உனக்கென்று ஒரு வேட்டி வாங்கி அலுமாரியில் வைக்கிறாள். எனக்குக் களைத்துப்போச்சு, மச்சான்.

அன்று சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்தில், நிலானியிடம் உனக்கும் ஒரு பாட்டுக் கட்டச் சொல்லிக் கேட்டேன்.

“எங்க தாட்டனீங்கள் எண்டு தெரியாமல் என்னெண்டு அப்பு கட்டுறது?”

சொன்னேன். முதல்முதல் ஒரு ஆளுக்குச் சொன்னேன். அடுத்த கிழமை பாட்டோடு குளக்கட்டுக்கு வந்து எனக்குப் பாடிக் காட்டினாள். உன் சிரிப்பு அப்படியே இருந்தது. முகம் தெரியாத உன்னை எப்படிப் பிடித்தாள்?

பிறகு கேட்டாள்: “இதை ஆருக்கு முன்னால பாடுறது? வெறுங் கதிரையளுக்கு நான் பாடமாட்டன்.”

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலமை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவள் கிற்றாரைத் தொட முதல், என் வாயாலே உன் தங்கச்சிக்கு உள்ளதைச் சொல்லிவிடுவேன். சத்தியம். அதன்பிறகு அவள் அண்ணன் செத்த இடத்துக்கு என்னோடு வருவாளோ, என் முகத்திலேயே முழிக்கமாட்டாளோ? அந்தப் பாலை இன்னும் நிற்குதோ?

பந்தல் வேண்டாம். ஒரு கதிரை போதும். என்னை விட்டால், உனக்காக அழ இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். உன் தங்கச்சி பூமணி.

அவளின் புருசன், உன் மச்சான்,
கந்தசாமி (கைநாட்டு)