மலைக்கு வயதெல்லை எழுபது

ஜூன் 16, 2025. திங்கள்

நேற்று எழுத நேரம் கிடைக்கவில்லை. தந்தையர் தினமென்று மகள் கஜனியும் மருமகன் வினோதனும் விட்பியிலிருந்து வந்து, சாப்பிட்டு, நெடுநேரம் இருந்துவிட்டுப் போனார்கள். செப்ரெம்பர் 12 என் எழுபதாவது பிறந்தநாள். மண்டபம் எடுக்க நான் விடமாட்டேன் என்று தெரிந்து வேறு ஏற்பாட்டோடு வந்திருந்தார்கள். நாலு பேரும் பாலித் தீவுக்குப் போவது. பிறந்தநாளன்று விடியுமுன் ஒரு வழிகாட்டியோடு பாத்தூர் என்ற எரிமலையில் ஏறி, உச்சியில் நின்று சூரியோதயம் பார்ப்பது. மனைவி ஜெயமலருக்கு முழங்கால் வருத்தம்; அவள் ஹோட்டலில் நிற்பாள்.

"இவரோ? எஸ்கலேற்றரில கால் வைக்கவே ரெண்டு தரம் யோசிக்கிற மனிசன்," என்றாள் ஜெயமலர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினாறு வருடம் படவரைஞராக இருந்தேன். அளவையாளர்கள் மலையேறி இறங்கிக் கொண்டுவந்த இலக்கங்களை வைத்து, மேசையில் குனிந்திருந்து சமவுயரக் கோடுகள் கீறினேன். நான் ஒரு குன்றிலும் ஏறவில்லை. இங்கே ரொறன்ரோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிலத்துக்குக் கீழே, கார்த் தரிப்பிடத்தில் வேலை. கோடுகளுக்கெல்லாம் உள்ளே, உச்சியைக் காட்டும் ஆகச் சிறிய வட்டமாக ஒன்று வருமே — அதற்குள் நிற்பது எப்படியிருக்கும்? ஒரு தடவையாவது நின்று பார்க்கவேண்டும். இதை நேற்றுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தேன்.

ஜூன் 18

சுற்றுலா நிறுவனத்தின் விண்ணப்பப் போம் கணினியில் வந்தது. பெயர், உயரம், சப்பாத்து அளவு, எடுக்கும் மருந்துகள் எல்லாம் ஒழுங்காக நிரப்பினேன். பிறந்த திகதி போட்டதும் சிவப்பு எழுத்தில் மறித்துவிட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றமாட்டார்களாம்.

பாஸ்போட்டில் இருப்பது 1953 மார்ச் 21. அதன்படி எழுபத்திரண்டு. சாதகத்தின்படி நான் பிறந்தது 1955 செப்ரெம்பர் 12, பூச நட்சத்திரம். பள்ளிக்கூடத்தில் நேரத்தோடு சேர்க்கவேண்டுமென்று அப்பா பதிவில் இரண்டரை வயது கூட்டிக் கொடுத்துவிட்டாராம். கல்யாணம் பேசிய காலத்தில் அம்மா இதை எனக்குச் சொன்னார். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான். அரசாங்கக் கந்தோருக்கு ஒரு வயது, வீட்டுக்கு ஒரு வயது. வீட்டு வயதைத்தான் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே சிவப்பு.

ஜூன் 19

கஜனியின் தொலைபேசி. "அப்பா, சும்மா நைன்ரீன் பிஃப்ரி பைவ் எண்டு போடுங்கோ. ஆர் செக் பண்ணப் போகினம்?"

கீழே பாஸ்போட் இலக்கமும் கேட்கிறார்கள் என்றேன். இரண்டும் பொருந்தாது.

"ஓ மை கோட், அப்பா. நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ. நான் பாக்கிறன்."

பொய்ப் போம் நிரப்ப என்னால் ஏலாது. அது நேர்மையா, பயமா? இத்தனை வயதாகியும் எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 27

பயிற்சி தொடங்கிவிட்டேன். எங்கள் கட்டடம் பதினாலு மாடி, மாடிக்குப் பதினாறு படி. இன்று ஒன்பதாம் மாடி வரை. நாடி 128. ஓய்ந்து நாலு நிமிடத்தில் 90.

எட்டாம் மாடியில் இருக்கும் நீக்கிலாஸ் படிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, லிஃப்ற் பழுதோ, இல்லாட்டி வீட்டில கலைச்சுப் போட்டாவோ?"

மூச்சு வாங்கியதால் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூச்சு இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நீக்கிலாஸ் ஊரில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்தவர். படியில் குந்திக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"உதுக்கேன் மண்டையை உடைக்கிறியள்? மூத்த சகோதரம் ஆரும் இருக்கினமோ?"

"அக்கா இருக்கிறா. பிறம்ரனில."

"அவவிட்டை ஒரு சத்தியக் கடதாசி எடுங்கோ. என்ர தம்பி இன்ன திகதியில பிறந்தவன், எனக்கு நேரில தெரியும் எண்டு. கோட்டு நீதவானுக்கே அது காணும். ஒரு மலைக்குக் காணாதோ?"

ஜூலை 5

சத்தியக் கடதாசியை நானே எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ஏழு தடவை திருத்தினேன். இப்போது நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன்தான்.

ஜூலை 12, சனி

வினோதனைக் கேட்டிருந்தால் காரில் கொண்டுபோய் விட்டிருப்பான். கேட்கக் கூச்சம். பஸ், றெயின், மறுபடியும் பஸ். நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து பிறம்ரனுக்கு இரண்டரை மணித்தியாலம்.

தையல்நாயகி அக்காவுக்கு எண்பத்தொரு வயது. மகன் வீட்டில் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"உதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஏன் அக்கா?"

"பொய்ச் சத்தியம். இந்த வயசில எனக்கு வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை. எந்த இடம் பிழை, திருத்தித் தருகிறேன் என்றேன்.

"டேய் இராசு, உன்ர பேர்த் சேட்டிபிக்கற்தான் சரி. மாத்தினது சாதகத்தை. உனக்குச் செவ்வாய் எட்டில. ஜெயமலருக்குச் செவ்வாய் இல்லை. அந்தச் சம்பந்தத்தை விட அம்மாவுக்கு மனமில்லை. சாத்திரியாரைக் கூப்பிட்டு ரெண்டரை வருசம் தள்ளிப் புதுசாய் எழுதுவிச்சவ. அண்டைக்கு அவருக்குத் தேத்தண்ணி குடுத்தது நான்."

"அப்ப அப்பா பள்ளிக்கூடத்தில..."

"அது நீ கேட்டால் சொல்ல அம்மா கட்டி வைச்ச கதை. அதையும் நீ கேக்கேல்லை, அவவாத்தான் சொன்னவ. அதுக்கு முதல் உன்ர நட்சத்திரம் என்னெண்டு ஒருநாள் கேட்டிருப்பியோ? நீ எதைத்தான் கேட்டனி?"

பிறகு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்தார். சாப்பிட்டேன். கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். றெயினில் எனக்கு எதிரே இருந்த பெண் இடம் வேண்டுமா என்று கேட்டாள். நான் ஏற்கெனவே இருக்கையில்தான் இருந்தேன்.

ஜூலை 13

எழுபத்திரண்டு.

ஜூலை 16

ரெண்டரை வருசம். ஒரு பின்னேரத்துக்குள்ள போச்சுது. மூன்று மாடி ஏறினேன், கால் இழுத்தது. போன மாதம் ஒன்பது ஏறின அதே கால். அப்போது மட்டும் எழுபத்திரண்டு இல்லையோ? இல்லை, அப்போதும் எழுபத்திரண்டுதான். கால் என்ன போம் வாசிக்கிறதோ?

ஆரில கோபம் எண்டும் தெரியேல்லை. அம்மாவிலயோ. அம்மா போய் இருபத்தேழு வருசம்.

ஜூலை 20

கஜனி தொலைபேசியில் எடுத்தாள். என் சாதகத்தைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதி, பாலியிலுள்ள அலுவலகத்துக்கே நேரடியாக அனுப்பிவிட்டாளாம். உடனே பதில் வந்துவிட்டதாம். எங்கள் தீவிலும் பிறந்தநாளைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் கொண்டாடுகிறோம், எழுபதாவது பிறந்தநாளுக்கு ஐயாவுக்கு வாழ்த்துகள், வரலாம் என்று.

"பாத்தீங்களோ அப்பா, எவ்வளவு ஈஸி?"

நன்றி சொன்னேன். அக்கா சொன்னதையும் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன், அவள் அடுத்த அழைப்பு வருகிறதென்று வைத்துவிட்டாள். அவள் வைக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா?

ஓகஸ்ட் 3

உண்மையை விளக்கி அந்த அலுவலகத்துக்கு நாலு பந்தியில் மின்னஞ்சல் எழுதினேன். வாசித்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பினால் மலை இல்லை. மலை இல்லையென்றால் ஏனென்று வீட்டில் சொல்லவேண்டும். சொன்னால் ஜெயமலருக்குச் சாதகக் கதையைச் சொல்லவேண்டும். அவளுடைய அப்பா பொருத்தம் பார்த்துத்தான் பெண்ணைத் தந்தவர். பத்துக்கு ஒன்பது பொருந்துகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்படி ஜெயமலரைக் காரணம் காட்டுகிறேன். அழித்ததற்கு அதுவல்ல காரணம். எனக்கு ஏறவேண்டும். அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 19

பதினாலு மாடி, இரண்டு தடவை. நாடி 134.

படிக் கதவில் கட்டட நிர்வாகம் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: படிகளில் உடற்பயிற்சி செய்யக்கூடாது. "இது உங்களுக்கெண்டே அடிச்சிருக்கினம் அண்ணை. கழட்டிப் பிரேம் போட்டு வையுங்கோ," என்றார் நீக்கிலாஸ். சத்தியக் கடதாசி என்னவாயிற்று என்று கேட்டார். அக்காவுக்குச் சுகமில்லை என்றேன். அக்கா நல்ல சுகம். இப்போது பொய் தானாகவே வருகிறது.

நாளையிலிருந்து பூங்கா மேட்டில் ஏறி இறங்கவேண்டும். அது ஒரு மேடே இல்லை.

செப்ரெம்பர் 10, பாலி

ஹோட்டல் வாசலில் பூமாலையோடு நின்றார்கள். ஒரு பலகையில் என் பெயரும் 70 என்ற இலக்கமும். அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரியுங்கோவன்," என்றாள் ஜெயமலர்.

செப்ரெம்பர் 12, வெள்ளி. பின்னேரம்

எழுத்து கோணலாக வருகிறது. நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

அதிகாலை மூன்றே முக்காலுக்கு அடிவாரம். பாஸ்போட், வைத்தியரின் கடிதம், சாதகத்தின் பிரதி எல்லாவற்றையும் நனையாத உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பெண் பெயர்களைச் சரிபார்த்தாள். தலைக்கு ஒரு விளக்கும் கைக்கு ஒரு வாழைப்பழமும் தந்தாள். போகலாம் என்றாள். வயதை ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதமாக என் நித்திரையைக் கெடுத்த எல்லையை அங்கே ஒருவருக்கும் தெரியாது. உறையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வழிகாட்டி கெதூட், நாற்பது வயதிருக்கும். வினோதன் கெதூட்டின் கூட்டாளியான இன்னொரு வழிகாட்டியோடு முன்னால் போய்விட்டான். எனக்கு முன்னால் கெதூட், பின்னால் கஜனி. ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். நான் நிற்கும்போதெல்லாம் கஜனி நேரம் பார்த்தாள்.

ஐந்தரைக்கு ஒரு கொட்டில். வாங்குகள் போட்டிருந்தன. இனி உச்சிவரை செங்குத்து, காலடியில் எரிமலை மண் சறுக்கும், ஐயா இங்கேயே இருக்கலாம், இங்கிருந்தும் அதே சூரியன்தான் என்றான் கெதூட்.

"அப்பா, இதில இருப்பம். காணும்."

"நீ இரு. நான் போறன்."

"போய்? எழுபது வயசில ஆருக்கு என்னத்தைக் காட்டப் போறீங்கள்?"

"எழுபத்திரண்டு."

"என்ன?"

"எனக்கு எழுபத்திரண்டு. சாதகம் பிழை. பிறகு சொல்லுறன்."

அவள் பதில் சொல்லுமுன் நடந்துவிட்டேன். கெதூட் தன் காலடியிலேயே கால் வைக்கச் சொன்னான். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி கீழே வந்தது. ஒரு கட்டத்தில் கையையும் ஊன்றித்தான் ஏறினேன், நாலு காலில். அப்போதுதான் சூரியன் வந்திருக்கவேண்டும். மேலே கை தட்டினார்கள். நான் திரும்பவில்லை, திரும்பினால் விழுந்துவிடுவேன். மூக்குக்கு நேரே இருந்த கறுப்பு மண் மண்ணிறமாகி, பிறகு சிவந்தது. நான் கண்ட சூரியோதயம் அதுதான்.

மேலே போகும்போது ஆறு இருபத்தைந்து. சூரியன் நன்றாக ஏறிவிட்டது. "மிஸ் பண்ணிட்டீங்கள் மாமா, சூப்பராய் இருந்தது," என்று வினோதன் போனைக் காட்டினான். கஜனி எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்துசேர்ந்தாள். என்னால் அவளும் தவறவிட்டாள். முகத்தில் அத்தனை எரிச்சல்.

உச்சி ஒடுக்கமானது. கல், ஆவி, அந்த ஆவியில் அவித்துத் தின்று ஆட்கள் போட்ட முட்டைக் கோது. கோடு ஒன்றும் இல்லை. நின்றேன். ஐந்து நிமிடம், ஒன்றையும் பிடிக்காமல்.

செப்ரெம்பர் 13

இறங்கியதுதான் கொடுமை. கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை.

ஜெயமலர் காலைச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கஜனி வந்து கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "நான் அந்தச் சாதகத்தை ட்ரான்ஸ்லேற் பண்ண மூண்டு மணித்தியாலம் இருந்தனான், அப்பா," என்றாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

செப்ரெம்பர் 25, ரொறன்ரோ

பன்னிரண்டு நாளாக ஒத்திப்போட்டேன். இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். ஜெயமலர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"அப்ப நாப்பத்திரண்டு வருசமாய் மாதாமாதம் நான் ஆருக்கு அர்ச்சனை செய்தனான்?"

"எனக்குத்தான்."

"பேர் உங்கட. நட்சத்திரம் வேற ஆரோ ஒருத்தன்ர. அவன் எங்கயோ நல்லாய் இருப்பான்."

ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

"உண்மையான நட்சத்திரம் என்ன?"

1953 பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். "ரோகிணி."

"செவ்வாயும் எட்டில." மறுபடி தண்ணீரைத் திறந்தாள். அதற்குப் பிறகு இன்று முழுவதும் பேச்சில்லை.

செப்ரெம்பர் 28

இன்னும் பேச்சில்லை. தேத்தண்ணி மட்டும் வருகிறது. சீனி இல்லாமல்.

ஒக்ரோபர் 3, வெள்ளி

காலையில், "வெளிக்கிடுங்கோ," என்றாள். எங்கேயென்று கேட்டேன். கோயிலுக்கு.

அர்ச்சனை ரிக்கற் எழுதுமிடத்தில் எனக்கு முன்னால் போய் நின்றாள். "இராசரத்தினம், ரோகிணி," என்றாள். எழுதுபவருக்கு எங்களைப் பல வருடமாகத் தெரியும். "பூசம் எல்லோ அன்ரி?" என்றார்.

ஜெயமலர் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கும் ஒண்டு எழுதுங்கோ. இவ்வளவு காலம் கும்பிட்டது, சட்டெண்டு கைவிட ஏலாது."

ஐயர் என் பெயரை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் ஜெயமலர் என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.