கிரிம்ஷா முன்னால் வருவதில்லை

மார்ச் 3, ஞாயிறு

மறுபடியும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எவ்வளவு அழகான ஆட்டம்! ஐந்து தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். எதிரி பந்தை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தான், சுற்றிப் பார்த்தான், கடைசியில் அலுத்துப்போய்விட்டான். பெனால்டியில் ஜெயித்து இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டோம். ‘நாம்’ என்றால், கணினிக்குள் நான் மேலாளராக இருக்கும் ஹாலோஃபீல்ட் டவுன் கால்பந்து அணி. ராச்டேல் நகரத்தில் வேறு யாருக்கும் இதன் பெருமை தெரியாது.

இறுதிப்போட்டியில் எதிரி டெஸ்மண்ட். என் மனைவி ஹிலாரியின் தம்பி. நாலு தெரு தள்ளி அவன் வீட்டிலிருந்து இதே விளையாட்டில் இன்னொரு அணியை நடத்துகிறான். ஐந்து கோல் போட்டு நாலு கோல் வாங்குகிற கிறுக்கன். போன் போட்டுச் சிரித்தான்.

“மச்சான், அது மேட்சா, தபால் ஆபீஸ் வரிசையா? ஒருத்தனாவது நகர்றானா பாரு!”

நகராமல் இருப்பதும் ஒரு கலை என்று அவனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்.

மார்ச் 5, செவ்வாய்

ஹிலாரிக்கு விட்பியில் வேலை கிடைத்துவிட்டது. கடலோரத்துப் பள்ளிக்கூடம், தலைமையாசிரியை பதவி. இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தட்டில் வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

“நீ என்கூட வர்றியா, இல்ல இங்கயே இருக்கப் போறியா?”

“பாக்கலாம்,” என்றேன்.

“எதைப் பாக்கணும்? உன் வேலை போன்ல இன்சூரன்ஸ் புகார் கேக்குறது. அதை விட்பில உக்காந்து கேட்டா காதுல விழாதா?”

அடி பலமான அடிதான். கூரையில் ஒழுகல் இருக்கிறது, இப்போது வீட்டை விற்றால் விலை வராது என்று பேச்சைத் திருப்பிவிட்டேன். பந்து மைதானத்துக்கு வெளியே.

சனிக்கிழமை மாலை அந்தப் பள்ளி நிர்வாகிகள் அவளுக்கு விருந்து வைக்கிறார்களாம். அங்கேதான் முடிவு சொல்ல வேண்டும். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்தது.

அதே சனிக்கிழமை மத்தியானம்தான் இறுதிப்போட்டி. கடவுளே.

மார்ச் 8, வெள்ளி

இன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. கோல் வாங்காமல் இன்னொரு நாள்.

மார்ச் 10, ஞாயிறு

டெஸ்மண்டின் முன்வரிசைப் பையன்கள் குதிரை மாதிரி ஓடுகிறார்கள். சும்மா சுவர் கட்டினால் போதாது. அதனால் பயிற்சி ஆட்டத்தில் ஆஃப்சைடு பொறி வைத்துப் பார்த்தேன். எதிரி பந்தை முன்னால் தள்ளும் நேரத்தில் நம் தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஓர் எட்டு முன்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான், எதிரி நமக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான், கோல் போட்டாலும் செல்லாது. ஒருத்தன் பின்தங்கினாலும் போச்சு.

ஆறு கோல் வாங்கினோம்.

மறு ஒளிபரப்பை ஓடவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹிலாரி டீயோடு வந்து பின்னால் நின்றாள்.

“எல்லாரும் முன்னாடி போறாங்க. அந்த ஒரு ஆள் மட்டும் ஏன் பின்னாடியே நிக்குறான்?”

“அது கிரிம்ஷா. கேப்டன். ரொம்ப அனுபவசாலி.”

“அவனாலதான எல்லா கோலும் விழுது?”

“அவன் அப்படித்தான். இடத்தை விட்டு அசைய மாட்டான். நம்பிக்கையான ஆள்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிஸ்கட் வைக்கவில்லை. ஏன்?

மார்ச் 13, புதன்

இறுதிப்போட்டிக்கு முன் நிருபர் கூட்டம். இந்த விளையாட்டை உயிராக நினைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதைக் குளியலறையில்தான் நடத்த வேண்டும். ஷவரைத் திறந்துவிட்டு, ஷாம்பு பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு, நல்ல நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

“யார்கூடப் பேசுற?”

“நிருபருங்க.”

“அவங்களுக்காவது பதில் சொல்றியே. சந்தோஷம்.”

தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

மார்ச் 16, சனி

இதை விட்பியில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இறுதிப்போட்டிக்குக் கோட்டு சூட்டு போடாமல் கணினி முன் உட்காருவது மரியாதையில்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் போடுவார்கள், டெஸ்மண்ட் உட்பட. சாம்பல் நிறக் கோட்டு, நீல டை, காலில் வீட்டுச் செருப்பு. ஐந்து தடுப்பாட்டக்காரர்கள், நடுவில் கிரிம்ஷா. ஆட்டம் தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

ஹிலாரி பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“கிளம்பிட்டியா, நெவில்?”

என்ன சொல்வது? இல்லை, இது கணினிக்காகப் போட்டது என்று சொல்லலாம். பார்க்கலாம் என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. திரையில் கிரிம்ஷா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை.

‘மேலாளர் விடுப்பில் போகிறார், உதவியாளர் அணியை நடத்துவார்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஷூவைத் தேடினேன்.

யார்க் தாண்டும்வரை மனசு உறுத்தியது. தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். “ஹிலாரி... இந்தக் கோட்டு உண்மையில கப் ஃபைனலுக்குப் போட்டது.”

“தெரியும். போன வருஷ ஃபைனலுக்கும் இதே டைதான்.”

“அப்ப எதுக்கு அப்படிக் கேட்ட?”

“நீ எந்திரிப்பியா மாட்டியான்னு பாத்தேன்,” என்றாள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “எந்திரிக்கலன்னா தனியா போயிருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேன்.”

ஐயோ. எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுத் தப்பித்திருக்கிறேன்! டையை இன்னொரு தடவை சரிசெய்துகொண்டேன்.

விருந்தில் நிர்வாகக் குழுத் தலைவி என்னிடம் கேட்டார், “நீங்களும் இங்க வந்துடுவீங்கல்ல?”

“வர்றேங்க,” என்றேன். மேஜைக்கடியில் ஹிலாரி என் கையைப் பிடித்தாள்.

மார்ச் 17, ஞாயிறு

வீடு திரும்பினோம். கணினியைத் திறந்தேன். ஹாலோஃபீல்ட் டவுன் நாலு, டெஸ்மண்ட் ஒன்று. உதவியாளர் முன்னால் மூன்று பேரை ஓடவிட்டிருக்கிறார். கிரிம்ஷாவை உட்கார வைத்துவிட்டார்.

மூன்று வருஷமாக நான் கட்டிய சுவர். ஒரே மத்தியானத்தில் இடித்து, கோப்பையும் வாங்கிவிட்டார் மனிதர்.

ஆகஸ்ட் 24, சனி

விட்பி. கடற்பறவை என் கையிலிருந்த வறுவலைப் பிடுங்கிக்கொண்டு போனது. தடுக்கவில்லை.

டெஸ்மண்ட் இன்னும் விடுவதாயில்லை. “மச்சான், அந்த ஃபைனல்ல என்னதான் பண்ண? சொல்லித் தொலையேன்!”

புது வீட்டுக் குளியலறையில் எதிரொலி பிரமாதம். சாயங்காலம் நிருபர் கூட்டம் வைத்தேன். வெற்றியின் ரகசியம் என்ன என்று அவர்களும் கேட்டார்கள். ஷாம்பு பாட்டிலில் மெதுவாகச் சொன்னேன், அன்றைக்கு நான் வீட்டில் இல்லை என்று.

வெளியிலிருந்து ஹிலாரியின் குரல்.

“கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு.”